இருட்டுக் கட்டம்

நின்றுவிட்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் என்றுதான் நினைக்கிறேன், கதவிடுக்கு வழியாக வரவேண்டிய வெளிச்சம் காலடியில் இல்லை, தலைக்கு மேலே நூல்போலத் தெரிகிறது. கரண்ட் மாறுகிற நேரம் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அரபியில் சொல்லியிருக்கிறேன், உடைந்த பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன், பெய்ரூட்டில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளியாக இருந்த காலம் முழுக்க என் வாயிலிருந்து ஜெபத்தைவிட அதிகமாக வந்த வசனம் அதுதான், அந்தச் சவிரியான் லெம்பேட் இன்று கொழும்பு வெள்ளவத்தையில், மின்வெட்டு அட்டவணையைத் தன் கையாலேயே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, அது சொன்ன நேரத்துக்குச் சரியாக இந்தப் பெட்டிக்குள் வந்து நின்றிருக்கிறான். என் மனுசி எமல்டா இருந்தால் சிரித்து முடிக்க ஒரு கிழமை ஆகியிருக்கும். சிரித்துவிட்டு, அழுகிற ஆள்போல முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். மூக்கு. அதைப் பிறகு நினைக்கலாம். ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஏறியதுதான் பிழை. ஜொமானா எழுதியிருந்தாள், பெய்ரூட்டிலிருந்து, எமல்டா வீட்டுவேலை செய்த ஐந்தாம் மாடி ஒடெத் மேடத்தின் மகள், கேலிப்படம் வரைகிறவள், அவளுடைய படங்கள் எல்லாம் சேர்ந்து புத்தகமாகப் போகின்றனவாம். "அபு மோத்தேர், கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. இரண்டு விதமாக வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எமல்டா பயணப் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்று கைகாட்டுகிறாள். மற்றதில் எப்போதும்போலத் தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நிற்கிறாள். எது என்று முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் சொல்லுங்கள். அச்சகத்தின் மோட்டாருக்கு இன்றைக்கு மட்டும்தான் டீசல் இருக்கிறது, அது நிற்பதற்குள் சொல்லுங்கள். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன்." இதை வாசித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். கதவு மூடியது, இறங்கியது, நின்றது. இப்போது ஃபோனில் சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை. பெட்டியா தட்டா. இருட்டுக்குள் நின்றுகொண்டு யோசி, சவிரியான். பெட்டியா, தட்டா.

"ஆரப்பா உள்ளுக்கை? கரண்ட் போற நேரம் பார்த்து ஏறின வீரன் ஆர்?" புவனேஸ் ரீச்சரின் குரல், என் மாடியில் எதிர்வீடு, ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. "நான்தான் ரீச்சர், லெம்பேட்." வெளியே சிரிப்பு, அதை அவர் அடக்கக்கூட முயலவில்லை. "லெம்பேட் அண்ணையோ! போன கிழமைதானே இந்த லிஃப்டைப் பற்றி எனக்குப் பிரசங்கம் வைச்சனீங்கள். அதைக் கேட்டு நான் படியாலை ஏறி ஏறி முழங்கால் போட்டுது. நீங்கள் உள்ளுக்கை சொகுசாய் நிக்கிறியள்." ஓம் ரீச்சர், என்றேன், வேறு என்ன சொல்வது. பிறகு காவலாளி தியாகு மூச்சு வாங்க ஓடி வந்தான், ஹற்றன் பக்கத்து ஆள், நல்லவன். "ஐயா, பயப்படாதீங்க ஐயா. கதவு தொறக்கிற சாவி நம்ம ஃப்ளாட்டு செக்ரட்டரிகிட்ட இருக்குங்க. அவரு கேஸ் வரிசையில நிக்கிறாரு." ஜெனரேட்டரைப் போடேன் தியாகு, என்றேன். "டீசல் இல்லைங்களே ஐயா." அப்ப செக்ரட்டரியைக் கூட்டிவா. "போறேங்க ஐயா, ஆனா அவரு சிலிண்டரு இப்பத்தான் முன்னுக்கு வந்திருக்காம். வரிசைய விட்டுட்டு வருவாரா தெரியல." ரீச்சர் குறுக்கே விழுந்தார். "வரமாட்டார். முந்தநாள் தொடக்கம் நிக்கிற மனுசன். நீயெண்டால் வருவியோ? அண்ணை, உங்களுக்கு மூச்சு முட்டுதோ? முட்டினால் சொல்லுங்கோ, முட்டாட்டி பேசாமல் இருங்கோ, காத்து மிச்சம் பிடியுங்கோ." மூச்சு முட்டவில்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு முட்டுகிறதோ என்று தோன்றுகிறது. கையை நீட்டினால் சுவர், மறுகையை நீட்டினால் சுவர், பின்னால் கண்ணாடி, இருட்டில் கண்ணாடிக்கு என்ன வேலை, அது யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவசர விளக்கு ஒன்று மேலே இருக்கிறது, அது எரிந்து யாரும் பார்த்ததில்லை. ஃபோனில் பற்றரி அடிமட்டத்தில். அணைத்துவைக்க வேண்டும், சிக்னல் வரும்போது பதில் அனுப்ப ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும், அணைத்தால் இருட்டு இன்னும் கிட்ட வரும். அணைத்தேன். வந்தது.

பழகிய இருட்டுத்தான். பெய்ரூட்டில் கரண்ட் இரண்டு வீட்டுப் பிள்ளை, கொஞ்ச நேரம் அரசாங்கத்தோடு இருக்கும், கொஞ்ச நேரம் தெருமுனையில் புகை கக்கும் தனியார் மோட்டாரோடு இருக்கும், ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகிற இடைவெளியில் ஒருத்தரிடமும் இருக்காது. அந்த இடைவெளிக்குள்தான் ஆட்கள் லிஃப்டில் அகப்படுவார்கள். மோட்டார்க்காரனிடம் வாங்குகிற கரண்டும் ஐந்து அம்பியர்தான், துணி தோய்க்கிற மெசின் ஓடினால் தண்ணீர் சூடாக்க முடியாது, இரண்டையும் போட்டால் கீழே ‘டக்’ என்று விழும், யாராவது போய் அதைத் தூக்கிவிட வேண்டும், அந்த யாராவது நான், படிக்கட்டுக் கிணறு வழியாகக் கூப்பிடுவார்கள், யா அபு மோத்தேர்! அந்த ஊரில் ஒரு மனிதனை மூத்த மகனின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் தகப்பன் என்று கூப்பிடுவது மரியாதை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. முதல் நாள் ஒடெத் மேடம் உன் மகனின் பெயர் என்ன என்று கேட்க, நானும் எமல்டாவும் ஆளை ஆள் பார்க்க, குசினி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த ஜொமானா நிமிராமலே சொன்னாள், இவருடைய மகன் கீழே கத்திக்கொண்டிருக்கிறானே கேட்கவில்லையா அம்மா, இவர் மோட்டாரின் தகப்பன். அபு மோத்தேர். ஒரு கேள்வியை ஒரு சிரிப்பால் மூடிவிட்டாள், மூடியதே தெரியாமல். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட இருந்திராது. அன்றே நினைத்தேன், இந்தப் பிள்ளையின் கண் வேறு மாதிரி என்று. பகலில் ஒரு மருந்துக் கம்பனியின் கணினிகளைப் பார்க்கிற வேலைக்குப் போனாள், மற்ற நேரம் எல்லாம் படம். அவளுடைய அறை முழுக்கப் பிளாஸ்டிக் வீரர்கள், இயந்திர மனிதர்கள், வாலுள்ள பெண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, அவளும் அவளுடைய கூட்டாளிகளும் அந்தக் கதைகளுக்காகப் பாராளுமன்றத்தில்போலச் சண்டை பிடிப்பார்கள். எமல்டா அந்தப் பொம்மைகளைத் தூசி தட்டும்போது கோயில் சுரூபங்களைத் தொடுகிற மாதிரித் தொடுவாள், தமிழ்ப் பெயர்கூட வைத்திருந்தாள், பச்சைக் கண் இயந்திர மனிதன் சின்னத்துரை, இரண்டு வாள் வைத்திருப்பவள் மாமியார். ஜொமானாவின் கதையில் விண்வெளிக் கப்பலுக்கும் ஐந்து அம்பியர்தான். எதிரி துரத்துகிறான், தலைவன் கத்துகிறான், கேடயத்தைப் போடு, பீரங்கியைப் போடு, ரேடியோவில் அவனுடைய தாய், மகனே, மெசினில் துணி ஓடுகிறது, முடியும்வரை பொறு. பொறுக்கிறார்கள். எதிரியும் பொறுக்கிறான், அவனுடைய மோட்டாரும் மாறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் பறக்கும் மாவீரன் ஒருவன், மேகத்துக்கு மேலே ஒரு மேசை, ஒரு அதிகாரி, பறப்பதற்குத் தடை இல்லை ஐயா, இறங்குவதற்கு விசா வேண்டும். ஒருவன் படம் ஒன்றைத் தரவிறக்கத் தொடங்குகிறான், கல்யாணம் கட்டுகிறான், கிழவனாகிறான், கடைசி மூச்சில் பேரனைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறான், இன்னும் கொஞ்சம்தான், பார்த்துக்கொள். அப்போது கரண்ட் போகிறது. நான் எங்கள் ஊர் மன்னார்ப் பேசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவளுடைய படங்களில் மனிதர் வாயிலிருந்து வருகிற குமிழிகளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டித்தான் ஆங்கிலம் வாசிக்கப் பழகினேன், அதனால் இன்றும் எனக்கு ஆங்கிலம் என்றால் சிரிப்பான பாஷை.

ஆனால் அவளும் ஒரு நாள் பிழைவிட்டாள். குசினியைப் பற்றிய படம் ஒன்று, மேடம் இருக்கிறார், மேடத்தின் சகோதரிகள் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் கண், வாய், கொண்டை, கோபம் எல்லாம் இருக்கிறது, மூலையில் தட்டோடு ஒரு உருவம், அதற்கு முகம் இல்லை, முட்டை மாதிரி ஒரு வெறும் வட்டம். எமல்டா மேசையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். இது ஆர், என்று தன்னுடைய அரபியில் கேட்டாள். நீதான், என்றாள் ஜொமானா. எமல்டா துணியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, துடைத்து, அந்த வட்டத்தின் நடுவில் விரலை வைத்து, "மூக்கு எங்க?" என்றாள். அவ்வளவுதான். கோபமில்லை. கடைக்காரன் மீன் தலையை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தால் கேட்பாளே, தலை எங்க என்று, அந்தக் குரல். நான் வாசலில் காஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போச்சு, வேலை போச்சு, இன்றைக்கே ஊர்தான். ஜொமானாவின் முகம் காதுவரை சிவந்தது. பென்சிலை எடுத்தாள், எமல்டாவைக் கதிரையில் இருக்கச் சொன்னாள், அந்த வீட்டில் எமல்டா மேசையோடு கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை, அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ தீயும்வரை வரைந்தாள். வந்த மூக்கு பெரிய மூக்கு. எமல்டாவின் மூக்கு உண்மையிலேயே நேரான, கொஞ்சம் தடித்த, தகப்பன் வழி மூக்கு, ஜொமானா அதை ஒரு கப்பலின் முன்பக்கம்போல ஆக்கியிருந்தாள். எமல்டா பார்த்தாள், "கொஞ்சம் பெரிசு," என்றாள், பிறகு சிரித்தாள். அதற்குப் பிறகு எமல்டா மூலையில் நிற்கவில்லை. கட்டம் கட்டமாக நடுவுக்கு வந்தாள். விண்கப்பல் பழுதானால் அதைத் துடைப்பத்தால் தட்டி ஓடவைக்கிறவள் அவள்தான். ஒரு படத்தில் புதையலைக் காக்கிற, நெருப்புக் கக்கும் பறவைநாகம், வீரர்கள் அதைக் கொன்று பெட்டியைத் திறந்தால் உள்ளே பொன் இல்லை, கடவுச்சீட்டுகள், வேலைக்கு வந்த பெண்களிடம் வீட்டுக்காரர் வாங்கிப் பூட்டிவைத்த கடவுச்சீட்டுகள். பறவைநாகத்தின் மூக்கில் ஒடெத் மேடத்தின் கண்ணாடி. மேடம் அதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, இது என் கண்ணாடிதானே, என்று மட்டும் கேட்டார். மகளோடு பேசவில்லை. எங்களோடும் பேசவில்லை. பயந்து பயந்து கிடந்தோம். ஒரு காலை எமல்டா கோப்பிப் பாத்திரத்தைத் தூக்கினாள், அடியில் அவளுடைய கடவுச்சீட்டு, வட்டமான ஈரக் கறையோடு. பெரிய பெரிய மனிதர்கள் மேடையில் நின்று கத்தியும் திறக்காத அலுமாரி ஒன்றை அந்தப் பிள்ளை ஒரு கண்ணாடியைக் கீறித் திறந்துவிட்டாள்.

"அண்ணை, உயிரோடையோ?" ரீச்சர். இருக்கிறேன் ரீச்சர். "சத்தத்தைக் காணேல்லை எண்டு கேட்டன். தேவாரம் தெரியுமெண்டால் சொல்லுங்கோ. ஓ, நீங்கள் வேதக்காரர் எல்லோ, அப்ப உங்கடையைச் சொல்லுங்கோ." சொல்லுகிறேன். "நான் போய் மண்ணெண்ணெய் அடுப்பிலை தேத்தண்ணி வைக்கிறன், வெளியிலை வந்தால் குடிக்கலாம்." செருப்புச் சத்தம் போகிறது. தேத்தண்ணி. அதில்தானே எல்லாம் தொடங்கியது. ஒடெத் மேடத்தின் சீட்டாட்டக் கூட்டம், எமல்டா சுடச்சுடத் தட்டோடு நடுக் கூடத்துக்கு வந்திருக்கிறாள், கரண்ட் போனது, பெண்கள் எழும்புகிறார்கள், கதிரைகள் இழுபடுகின்றன, இருட்டுக்குள் எமல்டாவின் குரல், தமிழில், பேசாலைத் துறையில் வலை இழுக்கிறவர்களை அதட்டுகிற மாதிரி, "ஒருத்தரும் அசையாதீங்கோ, கையில தேத்தண்ணி!" ஒரு சொல் விளங்காமலே அத்தனை பேரும் சிலையானார்கள். ஜொமானா மறுநாளே அதை வரைந்தாள். அவளுடைய படங்களில் எப்போதும் நடுவில் ஒரு கட்டம் முழுக் கறுப்பாக இருக்கும், அது கரண்ட் மாறுகிற கட்டம், உருவம் ஒன்றும் தெரியாது, குமிழிகள் மட்டும் மிதக்கும், நல்ல பகிடி எல்லாம் அதற்குள்தான். அந்தக் கறுப்புக்குள் எமல்டாவின் வசனம் வர வேண்டும், தமிழிலேயே வர வேண்டும் என்றாள், நான் ஒரு பழைய பால்மா மட்டையில் எழுதிக் கொடுத்தேன், அதைப் பார்த்துப் பார்த்து எழுத்தை எழுத்தாக அல்ல, கொடியைக் கீறுகிற மாதிரிக் கீறினாள். படம் வெளிவந்ததும் அவளுடைய வாசகர்கள், அந்தக் கணினிப் பிள்ளைகள், வலைத்தளத்தில் அடிபட்டார்கள், இது ஜொமானா கண்டுபிடித்த வேற்றுக் கிரகத்து மொழி என்று. ஒருவன் அதற்கு அகராதி தொடங்கினான். இன்னொருவன், இந்த வளைவைப் பார்த்தால் இந்த இனத்துக்கு மூன்று கை இருக்க வேண்டும் என்று எழுதினான். ஜொமானா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, எமல்டா வெங்காயம் உரித்துக்கொண்டே, "பேசாலை எந்தக் கிரகத்தில எண்டு அந்தப் பிள்ளையளிட்டக் கேள்," என்றாள். சிரித்தோம். அந்தக் குசினி. அதற்குள்தான் இப்போது அவள் தட்டோடு நிற்கட்டுமா என்று கேட்கிறாள் ஜொமானா.

தட்டு வேண்டாம். நினைத்தவுடனே வேண்டாம் என்று வருகிறது. செத்த பிறகுமா தட்டுத் தூக்க வேண்டும், புத்தகத்தைத் திறக்கிறபோதெல்லாம், யார் யாரோ வீட்டு அலுமாரியில், கை உளைய உளைய. அப்படியென்றால் பெட்டி. பெட்டியும் வேண்டாம். அந்தப் பெட்டி எனக்குத் தெரியும், நீலப் பெட்டி, சில்லு ஒன்று உடைந்தது, விமான நிலையத்தில் நான் அதைத் தூக்கப் போக, விடுங்கோ, எனக்கு ஏலும், என்றாள், அப்போதே காலில் நீர் ஏறி வீங்கி, சப்பாத்து ஏறாமல் வீட்டுச் செருப்போடு வந்தாள், சிறுநீரகம் இரண்டும் போய்க்கொண்டிருந்தன, எங்களுக்கு அது முழுதாகத் தெரியாது, ஜொமானாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மூக்கில் விரலை வைத்துக் காட்டி, அப்படி அழுதிருக்க மாட்டாள். எமல்டா கைகாட்டவில்லை. கையில் பலமில்லை. படத்தில் கைகாட்டுகிறாளாம். அது பொய். நல்ல பொய்தான், ஆனால் பொய். போன மாரியில், மன்னார் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கடைசியாகக் கேட்டது என்ன, கரண்ட் போச்சுதோ என்று கேட்டாள், பகல், ஜன்னல் முழுக்க வெயில், இல்லை எமல்டா, இருக்குது, என்றேன், இல்லை, போச்சுது, நீங்கள் கீழ போய்ப் பாருங்கோ, என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன். வேறு என்ன செய்வது, வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அதற்குள். மூச்சு இப்போது உண்மையாகவே முட்டுகிறது. ரீச்சரைக் கூப்பிடலாமா, தேத்தண்ணி வைக்கப் போயிருப்பார். அழுகிற சத்தம் இந்தப் பெட்டிக்குள் எப்படிக் கேட்கும், மேலே போகுமா, கீழே போகுமா. வெறுமையாக விட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறாளே. நான் பேசாமல் இருந்தால் வெறும் பக்கம். வெறும் வட்டம். முட்டை மாதிரி. மூக்கு எங்க என்று கேட்டவளுக்கு, நான், அவளைக் கட்டினவன், கடைசியில் ஒரு வெறும் பக்கத்தைக் கொடுப்பதா. ஏதாவது சொல்ல வேண்டும். அச்சகத்து மோட்டார் இப்போது ஓடிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், டீசல் முடியப் போகிறபோது அது இருமும்.

ஒரு முறை எங்களையும் கூட்டிப்போனாள், அந்தப் பிள்ளைகள் எல்லாம் வேடம் போட்டுக்கொண்டு கூடுகிற திருவிழாவுக்கு, பெரிய மண்டபம், கடல் பக்கம். எமல்டா பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், திருவிழா என்றால் திருவிழாதானே. உள்ளே போனால் மட்டையில் செய்த கவசங்கள், ரெஜிஃபோர்ம் என்கிற வெள்ளை நுரைத் தகட்டில் செய்த வாள்கள், உடம்பெல்லாம் வெள்ளி பூசி வியர்வையில் உருகிக்கொண்டிருந்த ஒருவன், தண்ணீர்ப் போத்தல்களால் இறக்கை செய்த ஒருத்தி. என்ன வேலைப்பாடு. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, பாதிப் பேருக்கு விசா மறுத்திருக்கிறார்கள், வீட்டில் கரண்ட் இல்லை, தெருவில் குப்பை, இருந்தும் எங்கிருந்தோ பசை வாங்கி, மட்டை பொறுக்கி, இராவிராவாக வெட்டி ஒட்டி, இல்லாத கிரகங்களின் ராசாக்களாக வந்து நிற்கிறார்கள், ஒருவருக்கொருவர் தலைவணங்குகிறார்கள். எமல்டா ஒவ்வொரு கவசத்தையும் தொட்டுப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், ஒரு ராசாவின் முதுகில் பிரிந்துகொண்டிருந்த துணிக்குத் தன் சேலை ஊசியைக் கழற்றிக் குத்திவிட்டாள். அப்போதுதான் அந்தப் பெண்ணைக் கண்டோம். பழைய பூப்போட்ட சட்டை, தலையில் துணி, கையில் தட்டு, தட்டில் ஒட்டிய காகிதக் குவளைகள், முகத்தில் மட்டையில் செய்த பெரிய மூக்கு. எமல்டாவாக வந்திருந்தாள். அத்தனை ராசாக்களுக்கும் தேவதைகளுக்கும் நடுவில் ஒருத்தி எமல்டாவாக வரத் தீர்மானித்து, வீட்டிலிருந்து அப்படியே பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். ஜொமானா இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினாள், அந்தப் பெண் எமல்டாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எமல்டா சுற்றி நடந்து பார்த்தாள். தட்டுப் பிடித்திருக்கிற விதம் சரி என்றாள். பிறகு அந்த மட்டை மூக்கைப் பிடித்து லேசாக ஆட்டி, "கொஞ்சம் பெரிசு," என்றாள். கரண்ட் போனது. ஆயிரம் பேர் நிற்கிற மண்டபம் குப்பென்று கறுத்தது, எங்கோ பின்னால் ஒரு குரல், உடனே பத்து, உடனே மண்டபம் முழுக்க, அந்த ஊர்ப் பிள்ளைகள், வேற்றுக் கிரகத்தார், தமிழில், "ஒருத்தரும் அசையாதீங்கோ, கையில தேத்தண்ணி!" எழுத்துக்கூட்டிப் பழகியிருக்கிறார்கள். தேத்தண்ணி என்பதைத் தேவாலய மணி மாதிரி நீட்டினார்கள். எமல்டா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இருட்டு. இருட்டில் அவளுடைய கை சூடாக இருந்தது, அது மட்டும் தெரியும்.

ஃபோனைத் திறந்தேன். பற்றரி போனால் போகட்டும், கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். நெஞ்சுக்கு நேரே தாழ்த்திப் பிடித்தபடி திரும்பினால் கண்ணாடிக்குள் இருட்டு, அந்த இருட்டின் நடுவில் ஒரு மூக்கு. கண் இல்லை, வாய் இல்லை, கீழிருந்து விழுந்த வெளிச்சத்தில் மூக்கு மட்டும் மிதக்கிறது, என்னுடைய மூக்குத்தான், ஆனால் இதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், கரண்ட் போனதும் படிக்கட்டுக்கு அடியில் எங்களுடைய சின்ன அறையில் எமல்டா அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரைத் தேடித் தட்டுவாள், சுடர் எழும்பும், முதலில் வெளிச்சத்துக்கு வருவது அவளுடைய மூக்கு, பிறகுதான் மெல்ல மெல்ல மிச்ச முகம் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு நாளும் நான் காத்திருந்து பார்ப்பேன், இன்றைக்கும் மிச்ச முகம் வருமா என்று, வரும். இன்றைக்கு வரவில்லை. மூக்கோடு நின்றுவிட்டது. பரவாயில்லை. பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் பெட்டியில் எழுதினேன், ஜொமானா, பெட்டியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. வேண்டாததைச் சொல்லிவிட்டேன், வேண்டியது என்ன. இப்படியே அனுப்பினால் வெறும் பக்கந்தான் வரும். மேலே காலடிகள், ஏதோ பாரமாக ‘டொம்’ என்று தரையில் வைக்கிற சத்தம், சிலிண்டர், செக்ரட்டரி சிலிண்டரோடுதான் வந்திருக்கிறார். "கெடைச்சிருச்சுங்க ஐயா!" என்று கத்தினான் தியாகு, சாவியைச் சொன்னானா காஸைச் சொன்னானா தெரியவில்லை. இரும்பு உரசியது, கதவு என் கழுத்து உயரத்தில் பிளந்தது, கைகள் நீண்டன, தியாகுவின் கை, செக்ரட்டரியின் கை, சாக்குமூட்டையை ஏற்றுகிற மாதிரி என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். இதற்குள் பொழுதுபட்டு நடைபாதையும் இருட்டு. ஆட்கள் கூடிவிட்டார்கள், முகம் தெரியவில்லை, வியர்வையும் மண்ணெண்ணெயும் மணக்கின்றன, ஆளோடு ஆள் முட்டுப்படுகிறார்கள், எழும்பப் பார்க்கிறேன், யாரோ என் காலை மிதிக்கிறார்கள், அப்போது பின்னாலிருந்து புவனேஸ் ரீச்சர், வகுப்பறையை அடக்குகிற குரலில், "ஒருத்தரும் ஆடாதேங்கோ! கையிலை சுடுதேத்தண்ணி!"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் தரையில் இருந்தபடியே சிரித்தேன், என்னால் நிறுத்த முடியவில்லை. "பார், மனுசனுக்கு மூளை கலங்கிட்டுது, தண்ணி தெளியுங்கோ," என்றார் ரீச்சர். இந்த மனுசி எமல்டாவைக் கண்டதில்லை. ஜொமானாவின் படத்தையும் பார்த்ததில்லை. இருட்டு, கையில் சூடு, சுற்றிலும் ஆட்கள், அப்படியென்றால் அந்த வசனம் தானாக வந்துவிடும், பெய்ரூட்டில் வரும், வெள்ளவத்தையில் வரும், சொல்ல ஒரு வாய் கிடைத்தால் போதும். ஃபோன் உடம்பு முழுக்கச் சிவந்து எச்சரித்துக்கொண்டிருந்தது, சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு. எழுதினேன், கடைசிப் பக்கம் முழுவதையும் கறுப்புக் கட்டமாக்கு, ஒரே கட்டம், அதற்குள் அவளுடைய குமிழி மட்டும், தமிழில், ஒருத்தரும் அசையாதீங்கோ. தட்டுக் கண்ணுக்குத் தெரிய வேண்டாம், பெட்டியும் தெரிய வேண்டாம். மூக்கை மட்டும் மறக்காதே, லைட்டர் வெளிச்சத்தில், மூக்கு மட்டும். அனுப்பினேன். போனது. ரீச்சர் குவளையை என் கைக்குள் திணித்தார், சீனி காணாது, இந்த நாளில் ஆரிடம் சீனி கேட்பது, ஊதி ஊதிக் குடித்தேன். பாதிக் குவளையில் ஃபோன் அதிர்ந்தது. அவள் சொல் ஒன்றும் எழுதவில்லை. மை இன்னும் காயாத படம் ஒன்று, பக்கம் முழுக்கக் கறுப்பு, கொடிபோல என்னுடைய எழுத்து, நடுவில் கப்பல் வருகிற மாதிரி அது. ரீச்சர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்ன அண்ணை, இருட்டுக்குள்ளை ஒரு மூக்கு?" என்றார். நான் ஃபோன் அணைவதற்குள் அவசர அவசரமாக ஜொமானாவுக்கு எழுதினேன், கொஞ்சம் பெரிசு.